உஷார்! கீசரை ‘டைரக்ட்’ பண்ண விடாதீர்கள்

“டைரக்ட் பண்ணிட்டேன் சார், இனிமே கட் ஆகாது.” கீசர் பார்க்க வந்தவர் இப்படிச் சொன்னால், காசைக் கொடுத்து அனுப்பிவிடாதீர்கள். அவரை அங்கேயே நிறுத்தி, கழற்றியதைத் திரும்ப மாட்டச் சொல்லுங்கள். மாட்ட முடியாது என்றால் கீசரின் இணைப்பையே துண்டிக்கச் சொல்லுங்கள். அன்றைக்கு அடுப்பில் வெந்நீர் போட்டுக் குளித்தால் ஒன்றும் குறைந்துவிடாது.

மழை ஓய்ந்து மார்கழிப் பனி விழ ஆரம்பித்ததும் சென்னை பெரும்பாக்கத்து அடுக்குமாடிகளில் மாதக்கணக்கில் சும்மா கிடந்த கீசர்களை ஒரே நேரத்தில் போடுகிறோம். போட்ட சில நாளில் “சூடு ஏறும்போதே கட் ஆகிவிடுகிறது” என்ற புகார் வருகிறது. அவசரத்துக்குக் கிடைத்த ஆளைக் கூப்பிடுகிறோம். அவர் கீழ் மூடியைத் திறந்து பத்தே நிமிடத்தில் சரிசெய்துவிட்டுப் போகிறார். ஆபத்து அந்தப் பத்து நிமிடத்தில்தான் வீட்டுக்குள் நுழைகிறது.

கீசருக்குள் காவல் இரண்டு. ஒன்று தெர்மோஸ்டாட். தண்ணீர் குறிப்பிட்ட சூட்டை எட்டியதும் மின்சாரத்தை நிறுத்தி, ஆறியதும் திரும்பக் கொடுப்பது அதன் வேலை. இன்னொன்று கட்-அவுட். தெர்மோஸ்டாட் செத்துப்போய் சூடு எல்லை மீறினால் இது குறுக்கே வந்து மொத்தமாக அறுத்துவிடும். அப்படியானால் கட்-அவுட் அடிக்கடி விழுகிறது என்பதற்கு என்ன பொருள்? பெரும்பாலும் தெர்மோஸ்டாட்டின் தொடுமுனைகள் ஒட்டிக்கொண்டு, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தாமல் விட்டிருக்கும். அல்லது இணைப்பு முனை தளர்ந்து தீய்ந்திருக்கும். பழுதைச் சொல்ல வந்த கட்-அவுட்டையே பழுது என்று நினைத்து, சில சமயம் தெர்மோஸ்டாட்டையும் சேர்த்துக் கழற்றிவிட்டு, இரண்டு ஒயரையும் முறுக்கி நேராகச் சேர்த்துவிடுவதுதான் ‘டைரக்ட்’.

மேடவாக்கம் பக்கம் ஓர் அடுக்குமாடி வீட்டில் இப்படி ஒன்றைத் திறந்து பார்த்தேன். இரண்டு சிவப்பு ஒயர்கள் முறுக்கிக் கறுப்பு டேப் சுற்றியிருந்தன. டேப் உருகிப் பிசினாக வழிந்திருந்தது. கழற்றிய தெர்மோஸ்டாட் ஓர் ஓரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த வீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகள் தினமும் அதன் அடியில் நின்று குளித்திருக்கிறார்கள். புது தெர்மோஸ்டாட்டின் விலை சில நூறு ரூபாய்தான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 15 லிட்டர் கீசர், 2,000 வாட். 28 டிகிரியில் இருக்கும் தண்ணீர் 60 டிகிரிக்கு வர ஏறத்தாழ 17 நிமிடம். தடுக்க ஆளில்லாவிட்டால் அடுத்த 21 நிமிடத்தில் 100 டிகிரி. ஸ்விட்சைப் போட்டுவிட்டு மறந்து கோயிலுக்குப் போய்வரும் நேரம் அது. அதற்கு மேல் அழுத்தம் ஏறும். அதை வெளியேற்றத்தான் தண்ணீர் வரும் குழாயில் ஒரு வால்வு வைத்திருக்கிறார்கள். நம் பகுதி போர் தண்ணீரும் லாரித் தண்ணீரும் அதில் உப்பைப் படியவிட்டு அடைத்துவிடுகின்றன. “சொட்டிக்கிட்டே இருக்கு” என்று அதைத் தாங்களே அடைத்துவைத்த வீடுகளும் உண்டு. தெர்மோஸ்டாட் இல்லை, கட்-அவுட் இல்லை, வால்வும் அடைபட்டது என்றால் சுவரில் தொங்குவது வெடிகுண்டு. தொட்டி கிழிந்தால் அந்த நீரில் ஒரு பகுதி நொடியில் ஆவியாக விரியும். நீர் ஆவியானால் ஆயிரத்து அறுநூறு மடங்குக்கு மேல் இடம் கேட்கும்.

அதே உப்பு இன்னொரு காரியமும் செய்கிறது. சூடாக்கும் காயிலின் மேல் ஓடு ஓடாகப் படிந்து, காயில் உள்ளுக்குள் மேலும் சூடேறி, உறையில் விரிசல் விடும். அப்போது தண்ணீரிலேயே மின்சாரம் ஏறுகிறது. “எங்கள் வீட்டில் பிளாஸ்டிக் குழாய்தானே” என்று அசட்டையாக இருக்காதீர்கள். குழாய் கடத்தாவிட்டாலும் அதற்குள் ஓடும் உப்புத் தண்ணீர் கடத்தும். அப்போது உங்களை முதலில் காப்பது எர்த் ஒயர்தான். அது மூன்றாவது பின் வரை மட்டும் வந்து சுவருக்குள் அநாதையாக நின்றுவிட்ட வீடுகள் உண்டு. அதைவிடக் கொடுமை, எர்த் கிடைக்காததால் பிளக் பாயின்டுக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு ஒயரால் இணைப்பது. நியூட்ரல் எங்காவது அறுந்தால் அந்த நிமிடமே கீசரின் உடம்பு முழுக்க 230 வோல்ட் நிற்கும்.

எம்.சி.பி. இருக்கிறதே என்பார்கள். எம்.சி.பி. ஒயரைக் காப்பது, மனிதனைக் காப்பது ஆர்.சி.சி.பி. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே அறுத்துவிடும். எர்த் அறுந்த வீட்டில் ஆளின் உடம்பு வழியாகக் கசிந்தாலும் அறுக்கும். 32 ஆம்பியர் எம்.சி.பி.க்கு அந்தக் கசிவு கண்ணுக்கே தெரியாது, 32 ஆம்பியர் என்பது அதைப்போல ஆயிரம் மடங்கு. வாரியக் குடியிருப்போ, பல லட்சம் கொடுத்து வாங்கிய ஃபிளாட்டோ, ஆர்.சி.சி.பி. இல்லாத வீட்டில் கீசர் வேண்டாம். பக்கெட்டில் போடும் ஹீட்டர் ராடுக்கும் இதே பேச்சுதான். பிளக்கைப் பிடுங்காமல் தண்ணீரில் கை வைக்கவே வைக்காதீர்கள்.

சோழிங்கநல்லூர், ஓ.எம்.ஆர். பக்கம் அமெரிக்கா, கனடா போய்த் திரும்பியவர்கள் நிறையப் பேர். அவர்களுக்குத் தனியாக ஓர் எச்சரிக்கை. அங்கே வீட்டைச் சூடாக்கும் கேஸ் ஃபர்னஸின் தெர்மோஸ்டாட்டைத் தாங்களே கழற்றி மாற்றியிருப்பீர்கள். பெரும்பாலும் அதில் ஓடுவது 24 வோல்ட். தொட்டாலும் பெரிய ஆபத்தில்லை. இங்கே கீசர் தெர்மோஸ்டாட் உட்கார்ந்திருப்பது 230 வோல்ட் ஃபேஸ் ஒயரின் நடுவில். நிறமும் தலைகீழ். அமெரிக்க வீட்டு ஒயரிங்கில் கறுப்பில் மின்சாரம் வரும், வெள்ளை நியூட்ரல். இங்கே கறுப்புதான் நியூட்ரல், சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் ஃபேஸ், பச்சை எர்த். அந்தக் கைப்பழக்கத்தோடு இங்கே ஸ்க்ரூடிரைவரைத் தூக்காதீர்கள்.

மின்சாரமே வேண்டாம், கேஸ் கீசர் போடுகிறேன் என்றால் அதைக் குளியலறைக்குள் மட்டும் மாட்டாதீர்கள். மூடிய அறையில் அது எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். வாசனை கிடையாது, மயக்கம் வருவதும் தெரியாது. 2023 மார்ச்சில், ஹோலி விளையாடிய பிறகு, மும்பை காட்கோபரில் ஒரு தம்பதி குளியலறையில் இறந்து கிடந்தார்கள். சந்தேகம் கேஸ் கீசர் மீதுதான் விழுந்தது.

கீசருக்கு 16 ஆம்பியர் பாயின்ட், 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர், ஃபேஸ் நியூட்ரல் இரண்டையும் அறுக்கும் டபுள் போல் ஸ்விட்ச் வேண்டும். 3,000 வாட் இன்ஸ்டன்ட் ஹீட்டர் 13 ஆம்பியர் இழுக்கும் என்பதால் அதற்கு 4 சதுர மில்லிமீட்டர் ஒயர் நல்லது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடவே கூடாது. எர்த் வருகிறதா என்பதை டெஸ்டரால் அறிய முடியாது. ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே டெஸ்ட் லேம்ப் பிடித்து எலெக்ட்ரீஷியன்தான் பார்க்க வேண்டும். வருபவரிடம் மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் ஒயர்மேன் சான்றிதழ் இருக்கிறதா என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

குழாயில் கை வைத்ததும் சுருக்கென்றால் மெயினை அணையுங்கள், பழுது பார்க்கும்வரை யாரும் குளியலறைக்குள் போக வேண்டாம். மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987, ஆம்புலன்ஸ் 108. ஏற்கெனவே யாராவது வந்து ‘டைரக்ட்’ பண்ணிவிட்டுப் போன கீசர் உங்கள் வீட்டில் இருந்தால், நாளைக் காலை வரை காத்திருக்காமல் இப்போதே எழுந்து போய் அதன் ஸ்விட்சை அணையுங்கள். தெர்மோஸ்டாட்டும் கட்-அவுட்டும் திரும்ப ஏறும்வரை யாரையும் போட விடாதீர்கள்.