அப்பாவோட ஸ்டாண்டர்ட் ஹெரால்ட்: ஸ்பேனரை எடுக்குறதுக்கு முன்னாடி ஒரு கணக்கு

"பழைய காரை ரெஸ்டோர் பண்றது நல்ல இன்வெஸ்ட்மென்ட்டா சார்?" கார் லோன் பத்தி வீடியோ போட்டதுல இருந்து இந்தக் கேள்வி நிறைய வருது. ஒரு வரியில பதில் வேணும்னா, இல்லை. அது செலவு. கோயில் யாத்திரை, பொண்ணு கல்யாணத்துக்குப் பந்தல் மாதிரி மனசுக்குப் பிடிச்ச செலவு. செலவுன்னு ஒத்துக்கிட்டு இறங்கினா சந்தோஷமா பண்ணலாம். முதலீடுன்னு நினைச்சு இறங்குறவங்கதான் பாதியில நிறுத்தி, தார்ப்பாய் போட்டு மூடி வச்சிடுறாங்க.

இதை ஒரு உண்மையான கேஸ் வச்சே சொல்றேன். பேர், ஊர் சொல்லப் போறதில்லை. என் கிளையண்ட் ஒருத்தர், வயசு 58, போன வருஷம் ரிட்டயர் ஆனவர். வீட்டு போர்டிகோவுல அவங்க அப்பாவோட ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் பல வருஷமா நிக்குது. கிராஜுவிட்டி வந்ததும் ஒரு நோட்டுப் புத்தகத்தோட ஆபீஸுக்கு வந்தார். "தம்பி, 6 லட்சம் ஒதுக்கியிருக்கேன். மாருதி இன்ஜின் போட்டு, ஏசி போட்டு, பவர் ஸ்டீரிங் வச்சு, பேத்தியை ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போகணும்"னார். கூடவே வந்த அம்மா ஒண்ணும் பேசலை. எழுந்து போகும்போது மட்டும், "அந்தப் பணம் போனா திரும்ப சம்பாதிக்க முடியாதுன்னு நீங்களாவது சொல்லுங்க"ன்னு மெதுவா சொல்லிட்டுப் போனாங்க. ரெண்டு பேர் சொல்றதுலயும் நியாயம் இருக்கு.

நான் கேட்ட முதல் கேள்வி காரைப் பத்தியே இல்லை. "ஆர்சி யார் பேர்ல இருக்கு?"ன்னு கேட்டேன். அப்பா பேர்லயே இருந்தது. அப்பா தவறி ஒன்பது வருஷம் ஆச்சு.

இதுல ரெண்டு விஷயம் இருக்கு. ஓனர் இறந்தா 30 நாளுக்குள்ள ஆர்டிஓவுக்குத் தகவல் குடுக்கணும், மூணு மாசத்துக்குள்ள ஃபார்ம் 31 போட்டு வாரிசு பேருக்கு மாத்தணும். தாமதமானா அபராதத்தோட முடியும், அது சின்ன விஷயம். பெரிய விஷயம் அடுத்தது. உயில் எழுதாம ஒருத்தர் போயிட்டா, இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் சம பங்கு. கார் ஒண்ணும் அதுக்கு விதிவிலக்கு இல்லை. இவருக்குக் கோயம்புத்தூர்ல ஒரு அக்கா இருக்காங்க. அம்மாவும் இருக்காங்க. அப்படின்னா கார்ல இவருக்கு மூணுல ஒரு பங்குதான். அடுத்தவங்க பங்கும் இருக்கிற பொருள்ல நம்ம ரிட்டயர்மென்ட் பணத்தைக் கொட்டினா, நாளைக்குக் கார் பளபளன்னு நிக்கும்போது "அப்பா கார்தானே, எனக்கும் உண்டுல்ல"ன்னு யாராவது கேட்டா பதில் சொல்ல முடியாது. துரு பிடிச்சு நிக்கும்போதே அக்காகிட்டயும் அம்மாகிட்டயும் ஆட்சேபனை இல்லைன்னு எழுதி வாங்கிடுறது உறவுக்கும் நல்லது. இவங்க அக்கா உடனே கையெழுத்து போட்டுக் குடுத்தாங்க. வண்டி ரெடியானதும் முதல் ரவுண்டு அவங்களைத்தான் கூட்டிட்டுப் போகணும்னு ஒரே ஒரு கண்டிஷன்.

சரி, இப்போ காருக்கு வருவோம். ட்ரையம்ஃப் ஹெரால்ட் 1959-ல இங்கிலாந்து கோவென்ட்ரியில ஸ்டாண்டர்ட்-ட்ரையம்ஃப் கம்பெனி கொண்டு வந்த வண்டி. டிசைன் இத்தாலிக்காரர் ஜியோவானி மிக்கலோட்டி. சென்னைக்குத் தெற்கே வண்டலூர் பக்கம் இருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் தொழிற்சாலையில 1961-ல இருந்து இதை ஸ்டாண்டர்ட் ஹெரால்டுன்னு தயாரிச்சாங்க. முதல்ல ரெண்டு கதவு. பின்னாடி நாலு கதவு மாடல் நம்ம ஊர்லயே உருவாச்சு, இங்கிலாந்துல அப்படி ஒரு ஹெரால்ட் கிடையாது. 948 சிசி இன்ஜின். பானெட்டைத் தூக்கினா முன் ஃபெண்டர், ஹெட்லைட்டு எல்லாம் சேர்ந்து முன்பக்கமா சாயும். டயர் மேல உட்கார்ந்துக்கிட்டே இன்ஜின் வேலை பார்க்கலாம்.

இந்தக் கார் வீட்டுலயே ரெஸ்டோர் பண்ணத் தோதா இருக்கிறதுக்குப் பின்னாடி ஒரு பிசினஸ் கதை இருக்கு. ஸ்டாண்டர்டுக்கு பாடி செஞ்சு குடுத்துக்கிட்டிருந்த ஃபிஷர் அண்ட் லட்லோ கம்பெனியைப் போட்டியாளரான பிஎம்சி வாங்கிடுச்சு. முழு பாடியையும் ஒரே இடத்துல செய்ய ஆள் இல்லாம, தனி செஸ்ஸிஸ் மேல பாகம் பாகமா போல்ட் போட்டு மாட்டுற மாதிரி டிசைன் பண்ணினாங்க. மத்த கம்பெனிகள் பாடியும் செஸ்ஸிஸும் ஒண்ணா வர்ற டிசைனுக்குப் போய்க்கிட்டிருந்த காலம் அது. சப்ளையர் கைவிட்டதால வந்த டிசைன்னாலதான் இன்னைக்கு போர்டிகோவுல ஒரு செயின் பிளாக்கும் நாலு ஜாக் ஸ்டாண்டும் வச்சு ஹெரால்டைக் கழட்ட முடியுது.

நோட்டுப் புத்தகத்தைத் திறந்து பார்த்தேன். முதல் வரி பெயிண்ட். ரெண்டாவது சீட் கவர். செஸ்ஸிஸ் ஏழாவது பக்கத்துல இருந்தது. நிறைய பேர் இப்படித்தான் எழுதுவாங்க, ஏன்னா கண்ணுக்குத் தெரியறது அதுதான். பணத்தோட கோணத்துல பார்த்தா இது தலைகீழ். ஹெரால்ட்ல துரு முதல்ல தின்னுறது செஸ்ஸிஸ்ல இருந்து பக்கவாட்டுல நீளுற அவுட்ரிகரை. பெயிண்ட் அடிச்சு முடிச்சப்புறம் அதை வெல்டிங் பண்ண வேண்டி வந்தா பெயிண்ட் செலவு ரெண்டு தடவை. அதனால வரிசையை மாத்தி எழுதச் சொன்னேன். முதல்ல பேப்பர், அடுத்து செஸ்ஸிஸ், பிரேக், ஸ்டீரிங், சஸ்பென்ஷன், அப்புறம் வயரிங், இன்ஜின். பெயிண்ட், சீட், குரோம் எல்லாம் கடைசி. நடுவுல பணம் தீர்ந்து போனாக்கூட, பார்க்க அசிங்கமா இருந்தாலும் பத்திரமா நிக்கிற வண்டி ஒண்ணு கையில இருக்கும். வரிசையை மாத்தினா அழகா இருக்கிற, நகர முடியாத வண்டிதான் மிஞ்சும்.

சஸ்பென்ஷன்னு சொன்னதும் ஒரு சின்ன விஷயம். முன் சக்கரத்துக்கிட்ட கீழே ட்ரனியன்னு ஒரு பாகம் இருக்கு. அதுக்கு கிரீஸ் அடிக்கக் கூடாது, இபி 90 கியர் ஆயில் விடணும். எண்ணெய் இல்லாம தேய்ஞ்சு அதோட சேர்ந்த லிங்க் உடைஞ்சா சக்கரமே மடங்கிடும். எண்ணெய்க்கு ஆகிறது சில நூறு ரூபாய். நோட்டுல அது இல்லவே இல்லை, ஆனா மியூசிக் சிஸ்டம் இருந்தது!

பார்ட்ஸ் இன்னொரு தலைவலி. இங்கிலாந்துல ட்ரையம்ஃப் பார்ட்ஸ் மட்டுமே விக்கிற கடைங்க இன்னும் இருக்கு. ஆனா வெப்சைட்ல பார்க்குற விலை உங்க விலை இல்லை. ஷிப்பிங், இன்ஷூரன்ஸ் சேர்த்து ஒரு பாகம் 10,000 ரூபாய்னு வச்சுக்கோங்க. உதாரணத்துக்கு டியூட்டி 15% எடுத்துக்கிட்டா 1,500. அந்த டியூட்டி மேல 10% சர்சார்ஜ் 150. ஆக 11,650. ஐஜிஎஸ்டி இந்த 11,650 மேலதான் போடுவாங்க, 10,000 மேல இல்லை. 18%னா 2,097. கடைசியில 13,747 ரூபாய். ரேட்டு பொருளைப் பொறுத்தும் பட்ஜெட்டைப் பொறுத்தும் மாறும், கணக்குப் போடுற முறை இதுதான். தனிப்பட்ட உபயோகத்துக்கு வாங்குற நமக்கு அந்த ஜிஎஸ்டி கிரெடிட்டும் கிடைக்காது.

இப்போ மெயின் விஷயம். மாருதி இன்ஜின் கனவு.

ஹெரால்டோட பின்பக்க ஸ்விங் ஆக்ஸில் வேகமா வளைவுல திரும்பினா சக்கரம் உள்பக்கமா மடங்கப் பார்க்கும். அந்தக் காலத்து 948 சிசி வேகத்துக்கு அது போதும். இன்ஜின் பலம் கூடினா பிரேக் மாத்தணும். பிரேக் மாத்தினா ஆக்ஸிலைப் பத்தி யோசிக்கணும். ஆக்ஸிலை மாத்தணும்னா செஸ்ஸிஸ்ல கை வைக்கணும். "இன்ஜின் மட்டும்தானே"ன்னு ஆரம்பிச்ச செலவு இப்படி நாலு செலவா குட்டி போடும்.

சட்டமும் இங்கதான் குறுக்கே வருது. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி, தயாரிப்பாளர் குறிப்பிட்டதுக்கும் ஆர்சியில இருக்கிறதுக்கும் மாறா வண்டியை மாத்தக் கூடாது. 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதிப்படுத்திடுச்சு. அனுமதி இல்லாத மாற்றம் ஒவ்வொண்ணுக்கும் 5,000 ரூபாய் அபராதம், 6 மாசம் வரைக்கும் ஜெயில், இல்லைன்னா ரெண்டும்னு 182ஏ பிரிவு சொல்லுது. அபராதத்தை விட எனக்குப் பயம் வேற. ஆக்ஸிடென்ட் ஆச்சுன்னா மாத்தின வண்டிக்கு இன்ஷூரன்ஸ் கிளெய்ம்ல சிக்கல் வரும்.

இன்னொரு கதவும் மூடிடும். 2021 ஜூலையில மத்திய அரசு விண்டேஜ் வண்டிக்குன்னு தனி விதி கொண்டு வந்தது. முதல் பதிவு ஆகி 50 வருஷத்துக்கு மேல ஆன, தனிப்பட்ட உபயோகத்துல இருக்கிற டூவீலர், கார் எல்லாம் இதுல வரும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000. பத்து வருஷம் செல்லும். ஏற்கனவே பதிவான வண்டி பழைய நம்பரை வச்சுக்கலாம், புதுசா பதிவு பண்றதுக்கு 'விஏ' சீரிஸ். எம்எஸ்னு ஆரம்பிக்கிற அந்த மெட்ராஸ் நம்பர் பிளேட்டுக்காகவே உயிரை விடுறவங்க இருக்காங்க. ஆனா செஸ்ஸிஸ், பாடி ஷெல், இன்ஜின் மூணுலயும் மாற்றம் பண்ணாம ஒரிஜினலா இருக்கணும். மாருதி இன்ஜின் ஏறின அன்னைக்கே இந்த வாய்ப்பு போச்சு.

இதுக்கு ஒரு விலையும் உண்டு. விண்டேஜ் பதிவு வாங்கின வண்டியைத் தினசரி ஓட்ட முடியாது. கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, ரிப்பேருக்குன்னு போய் வரலாம், அவ்வளவுதான். பேத்தியை ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போறது அதுல வராது. சாதாரண ஆர்சியை அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை ரின்யூ பண்ணி வச்சிருந்தாதான் அது நடக்கும். இங்கிலாந்துல இந்த விஷயத்துல கொடுத்து வச்சவங்க. 40 வருஷம் தாண்டிய கார், பெரிய மாற்றம் பண்ணலைன்னா, ரோடு டாக்ஸும் இல்லை, வருடாந்திர எம்ஓடி டெஸ்ட்டும் இல்லை, தினமும் ஓட்டிக்கலாம்.

அதனால நான் சொன்ன யோசனை இதுதான். கழட்டினா பழசைத் திரும்ப மாட்டுற மாதிரி மட்டும் கஸ்டமைஸ் பண்ணுங்க. சீட் பெல்ட், நல்ல ரேடியல் டயர், டைனமோவுக்குப் பதிலா ஆல்டர்னேட்டர். ஆல்டர்னேட்டர் போடும்போது அந்தக் காலத்து பாசிடிவ் எர்த் வயரிங்கை எலக்ட்ரீஷியன் கவனிச்சு மாத்தணும், இல்லைன்னா முதல் நாளே கருகிடும். கழட்டின ஒரிஜினல் பாகத்தைத் துடைச்சு, எண்ணெய் தடவி, லேபிள் ஒட்டிப் பெட்டியில போடுங்க. பழைய இரும்புக் கடைக்குப் போட்டுடாதீங்க. அவர் முகம் கொஞ்சம் சுருங்கிச்சு, ஆனா ஏசியையும் மாருதியையும் அவரே பேனாவால அடிச்சார்.

பணத்துக்கு வருவோம். 6 லட்சத்தை 10% வருமானம்னு வச்சு 10 வருஷம் விட்டா சுமார் 15.5 லட்சம். இந்த நம்பரைச் சொன்னது பயமுறுத்த இல்லை, அந்தக் காரோட உண்மையான விலை அதுதான்னு தெரியணும். நாங்க முடிவு பண்ணது: கிராஜுவிட்டியைத் தொடக் கூடாது. மாசச் செலவு, மெடிக்கல், ரெண்டு வருஷ எமர்ஜென்சி எல்லாம் ஒதுக்கினது போக, டெபாசிட் வட்டியில மிஞ்சுற பணம் மட்டும் காருக்கு. ஒரு கட்டம் முடிஞ்சு பில்லு ஃபைலுக்கு வந்தப்புறம்தான் அடுத்த கட்டம். டிங்கரிங் ஆளுக்கு மொத்தமா அட்வான்ஸ் கிடையாது. பர்சனல் லோன், நகை லோன் பேச்சே கூடாது. ஒரு வருஷத்துல முடியுறது மூணு வருஷம் ஆகும். ஆகட்டுமே, அவர்தான் ரிட்டயர் ஆயிட்டாரே!

"முடிஞ்சதும் கல்யாணத்துக்கு, சினிமா ஷூட்டிங்குக்கு வாடகைக்கு விட்டா பணம் திரும்பிடாதா?"ன்னு கேட்டார். வெள்ளை போர்டு வண்டியைப் பெர்மிட் இல்லாம வாடகைக்கு ஓட்டக் கூடாது. விண்டேஜ் பதிவுலயும் வணிக உபயோகம் கூடாது. அதோட வரிச் சலுகையும் ஆட்டம் காணும். சொந்த உபயோகத்துக்கு வச்சிருக்கிற கார் 'பர்சனல் எஃபெக்ட்ஸ்'. 1961 வருமான வரிச் சட்டத்தோட 2(14) பிரிவுப்படி அது மூலதனச் சொத்தே இல்லை. புதுச் சட்டத்துலயும் அதே நிலைதான். அதனால நல்ல விலைக்கு வித்தாலும் கேபிடல் கெயின்ஸ் வரி வராது. அதே காரணத்தால நஷ்டத்தை வேற லாபத்தோட கழிக்கவும் முடியாது. வாடகைக்கு விட ஆரம்பிச்சாலோ, கம்பெனி புக்ஸ்ல ஏத்தி டெப்ரிசியேஷன் எடுத்தாலோ இந்த வாதம் நிக்காது.

இன்ஷூரன்ஸ் ஒண்ணு பாக்கி. அஞ்சு வருஷம் தாண்டின வண்டிக்கும், தயாரிப்பு நின்னு போன மாடலுக்கும் ஐடிவி டேபிள் கிடையாது. நீங்களும் கம்பெனியும் பேசி ஒத்துக்கிற தொகைதான் ஐடிவி. பேச ஆதாரம் வேணும்ல? அதுக்குத்தான் ஒவ்வொரு கட்டத்துலயும் தேதியோட போட்டோ, பில்லு, இன்ஜின் நம்பர், செஸ்ஸிஸ் நம்பர் எல்லாம் ஒரே ஃபைல்ல போடச் சொன்னேன். அந்த ஃபைலை இப்போ அவங்க வீட்டம்மாதான் பார்த்துக்கிறாங்க. பில்லு இல்லாம அடுத்த கட்டத்துக்கு அவங்க பணம் எடுத்துக் குடுக்கிறதில்லை.