சந்தையில் மேலிடம் பெறும் வழி: கோவில்பட்டிக் கரிசற்சீமையின் அனுபவம்

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், சாத்தூர் முதலிய பகுதிகளில் மானாவாரிச் சாகுபடி செய்யும் குடியானவர்கள் தங்கள் மண்ணின் குணத்தையும் மழையின் போக்கையும் நன்கு அறிந்தவர்கள். எந்தப் புஞ்சையில் ஈரம் நெடுநாள் நிற்கும், எந்தப் புஞ்சை முதலில் வெடிக்கும் என்பதை அவர்களுக்குப் பிறர் சொல்ல வேண்டுவதில்லை. ஆயினும், விளைந்த சரக்கு களத்தை விட்டு வண்டியேறிய பின்னர் அதன் விலை எக்காரணங்களால் ஏறுகிறது, எக்காரணங்களால் இறங்குகிறது என்பதை ஆராய்ந்து பார்ப்பவர் சிலரே. ஒரே மழையில், ஒரே மண்ணில் விளைந்த ஒரே பண்டத்தை விற்று ஒருவர் லாபமும் மற்றொருவர் நஷ்டமும் அடைவது இப்பகுதியில் ஆண்டுதோறும் காணப்படும் விஷயம். இதன் காரணத்தைச் சற்று விரிவாக விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மேலிடம் என்பது யாது?

பலர் கூடி ஒரே பண்டத்தை விற்கும் இடத்தில், மற்றவரைக் காட்டிலும் ஒருவருக்கு நிலைத்த லாபம் கிடைக்கும்படியான நிலைமையையே சந்தையில் மேலிடம் என்கிறோம். அமெரிக்காவிலுள்ள ஹார்வர்டு சர்வகலாசாலைப் பேராசிரியர் மைக்கேல் போர்ட்டர் என்பவர் 1980, 1985 ஆகிய ஆண்டுகளில் வெளியிட்ட இரு நூல்களில் இதைப்பற்றி விரிவாக எழுதியுள்ளார். அவர் கூற்றுப்படி மேலிடம் பெறுவதற்கு அடிப்படையான வழிகள் இரண்டே. பிறரிலும் குறைந்த செலவில் பண்டத்தை உற்பத்தி செய்வது ஒன்று. வாங்குவோர் விரும்பிக் கூடுதல் விலை கொடுக்கும்படியான தனிக்குணத்தைப் பண்டத்திற்கு உண்டாக்குவது மற்றொன்று. இவ்விரண்டில் ஒன்றை, சந்தை முழுவதற்கும் அல்லாமல் குறிப்பிட்ட ஒரு சாரார் தேவைக்கென்று மட்டும் கைக்கொள்வது மூன்றாவது வகையாகச் சொல்லப்படுகிறது. இவற்றுள் எதையும் தெளிவாகத் தேர்ந்துகொள்ளாது நடுவில் நிற்பவர் சந்தை கொடுத்த விலையைப் பெற்றுக்கொண்டு திரும்ப வேண்டியவரே.

லாபத்தைப் பங்குபோடும் ஐந்து சக்திகள்

ஒரு தொழிலில் கிடைக்கும் லாபம் முழுவதும் அதைச் செய்பவரிடமே தங்குவதில்லை. அதைக் குறைக்கும் சக்திகள் ஐந்து என்று மேற்படி பேராசிரியர் வகுத்துள்ளார். இச்சீமையில் பரவியுள்ள மக்காச்சோளச் சாகுபடியை உதாரணமாகக் கொண்டால் இவை எளிதில் விளங்கும். முதலாவது, இப்போதே போட்டியிடும் மற்ற ஜில்லா, மற்ற மாகாணக் குடியானவர்கள். இரண்டாவது, விலை ஏறியதைக் கண்டு மறு பருவத்தில் புதிதாக இப்பயிரில் இறங்குவோர். மூன்றாவது, விதை, உரம், மருந்து விற்போர். 2018-ஆம் ஆண்டில் இந்தியாவில் புகுந்த படைப்புழு மக்காச்சோளத்தைத் தாக்கத் தொடங்கிய பின் மருந்துக் கடைக்குச் செல்லும் பணம் அதிகமாயிற்று. நான்காவது, வாங்குவோர். நாமக்கல் முதலிய இடங்களிலுள்ள கோழித்தீவன ஆலைகள் மொத்தமாக வாங்குகின்றன. தனித்து நிற்கும் குடியானவர் பேரம் பேச வழியில்லை. ஐந்தாவது, மாற்றுப் பண்டங்கள். மக்காச்சோளம் விலை மிகுந்தால் தீவனத்தில் கம்பையும் நொய்யரிசியையும் சேர்க்கத் தடையொன்றுமில்லை.

மாற்றுப் பண்டத்தின் வேகத்தைக் கோவில்பட்டித் தீப்பெட்டித் தொழில் நன்கு காட்டுகிறது. ஒரு பெட்டி ஒரு ரூபாய் என்ற விலை 2007-ஆம் ஆண்டு முதல் நெடுங்காலம் நீடித்து, 2021-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில்தான் இரண்டு ரூபாயாயிற்று. அதற்குள் வெளிநாட்டிலிருந்து வந்த மலிவான பிளாஸ்டிக் லைட்டர்கள் தீப்பெட்டியின் இடத்தைப் பெரும்பாலும் பிடித்துக்கொண்டன. 20 ரூபாய்க்குக் குறைந்த லைட்டர்களின் இறக்குமதியை மத்திய சர்க்கார் 2023-ஆம் ஆண்டில் தடை செய்ய நேர்ந்தது. ஆகவே அண்டை அயலாரை மட்டும் போட்டியாளர் என்று எண்ணியிருப்பது போதாது.

முதல் வழி: குறைந்த செலவு

மக்காச்சோளம், உளுந்து, பாசிப்பயறு போன்று எல்லா இடங்களிலும் ஒன்றுபோல் விலைபோகும் பண்டங்களில் செலவைக் குறைப்பதே முக்கியமான வழி. இங்குக் கவனிக்க வேண்டியது ஏக்கர் மகசூலைவிட, ஒரு குவிண்டாலுக்கு விழும் அடக்கவிலையே. கணக்கிற்காக ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். ஒருவர் ஏக்கருக்கு 32,000 ரூபாய் செலவிட்டு 16 குவிண்டால் எடுக்கிறார். அடக்கவிலை 2,000 ரூபாய். அடுத்த புஞ்சைக்காரர் 27,000 ரூபாய் செலவிட்டு 15 குவிண்டால் எடுக்கிறார். அடக்கவிலை 1,800 ரூபாய். சந்தை விலை குவிண்டாலுக்கு 1,900 ரூபாய் என்றால், அதிகம் விளைவித்த முதல்வருக்கு ஏக்கருக்கு 1,600 ரூபாய் நஷ்டமும், குறைவாக விளைவித்த இரண்டாமவருக்கு 1,500 ரூபாய் லாபமும் ஏற்படும். செலவுக் கணக்கை எழுதி வைக்காத குடியானவருக்கு இவ்வித்தியாசம் கண்ணில் படுவதே இல்லை.

1901-ஆம் ஆண்டில் ஸ்தாபிக்கப்பட்டு, இன்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கீழ் நடந்துவரும் கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையம், மானாவாரிக்கேற்ற பல முறைகளைக் கண்டறிந்து கூறியுள்ளது. வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன்னரே, கடினப்படுத்திய விதையைச் சுமார் 5 சென்டிமீட்டர் ஆழத்தில் விதைத்து வைப்பது அவற்றுள் ஒன்று. சிறு தூற்றலுக்கு முளைத்துக் கருகாமல், நல்ல மழை நனைத்தபின் விதை முளைக்கிறது. விதைப்பதற்கென்று காத்திருந்து முதல் மழை ஈரத்தை இழக்கும் நஷ்டமும் இல்லை. ஆழ உழுதல், சிறு பாத்திகளாக வரப்புக் கட்டி மழைநீரை நிறுத்துதல், பண்ணைக்குட்டை வெட்டுதல் ஆகியவையும் இத்தகையனவே. எனினும், இம்முறைகளை ஒருவர் செய்தால் மற்றவரும் பார்த்துச் செய்துவிடலாம். ஆகவே இவற்றால் வரும் மேலிடம் சில பருவங்களே நிற்கும். ஆனால் இவற்றைச் செய்யாதவருக்கு வரும் நஷ்டம் நிச்சயம்.

இரண்டாம் வழி: தனிக்குணமும் நற்பெயரும்

பிறர் எளிதில் பார்த்துச் செய்ய முடியாதது பண்டத்தின் பெயர். இச்சீமையில் இதற்குச் சிறந்த சான்று பருத்தியே. கருங்கண்ணி, உப்பம் என்னும் நாட்டுப் பருத்திகளின் பஞ்சு 'டின்னவெல்லி' என்ற பெயருடன் தூத்துக்குடித் துறைமுகத்தின் வழியாக வெளிநாடுகளுக்குச் சென்றது. லிவர்ப்பூல் சந்தையில் அதற்குத் தனி விலை குறிக்கப்பட்டது. இவ்விரண்டில் கருங்கண்ணி மேலானதென்று கண்ட விவசாய இலாகா, கோவில்பட்டிப் பண்ணையில் அதைத் தேர்ந்தெடுத்து விருத்தி செய்து, சுத்தமான விதையைக் குடியானவர்களுக்குப் பரப்பியது. கறுப்பு மண், பின்பருவ மழை, அதற்கேற்ற விதை, அதை வளர்க்கும் கைப்பழக்கம் ஆகிய நான்கும் சேர்ந்து உண்டான அப்பெயரை வேறு சீமையார் விலைக்கு வாங்க முடியாது.

பெயரைக் கெடுத்த கலப்பு

அப்பெயருக்குக் கேடு வெளியிலிருந்து வரவில்லை. புளிச்சை என்றொரு மட்டமான பருத்தி இப்பகுதியில் நுழைந்தது. அதன் இழை குட்டையும் முரடுமானது. ஆனால் அரைத்தால் பஞ்சு அதிகம் விழும். ஆகவே கருங்கண்ணியோடு அதைக் கலந்து விற்றவருக்கு உடனடி லாபம் கிடைத்தது. கலந்தவர் பெற்ற லாபம் அவருக்கு மட்டும் சேர்ந்தது. அதனால் பெயருக்கு வந்த இழுக்கோ சுத்தமான பருத்தி விளைவித்த அனைவருக்கும் பங்கிடப்பட்டது. நூற்பாலைக்காரர் எந்தச் சிப்பத்தில் கலப்பு உள்ளதென்று அறிய முடியாதாகையால், எல்லாச் சிப்பங்களுக்கும் விலையைக் குறைத்தே கேட்பார். நல்ல பருத்திக்கும் கெட்ட பருத்திக்கும் ஒரே விலை என்றானபின் நல்ல பருத்தி விளைவிக்க ஒருவருக்கும் மனம் வராது.

இத்தீங்கைத் தடுக்கச் சட்டம் வேண்டியதாயிற்று. மட்டமான பருத்தியை நல்ல பருத்தி விளையும் பிரதேசங்களுக்குள் கொண்டுவருவதைத் தடுக்க 1923-ஆம் ஆண்டின் பருத்திப் போக்குவரத்துச் சட்டம் இடமளித்தது. ஒவ்வொரு சிப்பத்திலும் அதைக் கட்டிய ஆலையின் குறியும் எண்ணும் இட வேண்டுமென்று 1925-ஆம் ஆண்டின் பருத்தி அரைவை, சிப்பம் கட்டும் ஆலைகள் சட்டம் விதித்தது. பின்னர் சென்னை இராஜதானியிலேயே 1932-ஆம் ஆண்டில் பருத்திக் கட்டுப்பாட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. கண்ணுக்குப் புலப்படாத நற்பெயரைப் பொதுச்சொத்தாகக் கருதி, கண்மாய்க் கரையைக் காப்பதுபோல் காக்க வேண்டுமென்பதே இச்சட்டங்களின் உட்கருத்து.

மேலிடம் நிரந்தரமன்று

இவ்வளவு பாதுகாத்தும் கருங்கண்ணியின் ஆட்சி நீடிக்கவில்லை. இதற்குக் காரணம் கலப்பு மட்டுமன்று. வாங்குவோரின் தேவையே மாறியது. 1904-ஆம் ஆண்டை ஒட்டி இராஜதானிக்குள் வந்த கம்போடியாப் பருத்தி இழை நீண்டது. 1947-ஆம் ஆண்டில் தேசம் பிரிவினையானபோது நீண்ட இழைப் பருத்தி விளையும் பிரதேசங்கள் பல பாகிஸ்தானைச் சேர்ந்தன. அதன்பின் இந்திய ஆலைகள் நீண்ட இழையையே பெரிதும் நாடின. ஒட்டு ரகங்களும், 2002-ஆம் ஆண்டில் அனுமதிக்கப்பட்ட பி.டி. பருத்தியும் சேரவே, கருங்கண்ணியின் விஸ்தீரணம் மிகவும் சுருங்கிற்று. வறட்சியைத் தாங்குவதும், சாறு உறிஞ்சும் பூச்சிகளுக்கு எளிதில் இடங்கொடாததும் அதன் குணங்கள். இக்காரணம் பற்றி அண்மைக்காலத்தில் கைத்தறி நெசவாளர் சிலர் அதைத் தேடி வாங்குகின்றனர். பெரிய ஆலைகளுக்கு வேண்டாத பருத்தி, சிறு சாரார் ஒருவருக்கு உகந்ததாயிருப்பது முன்னர்ச் சொன்ன மூன்றாம் வகைக்கு உதாரணம். ஆனால் வாங்குவோரை முதலில் உறுதி செய்துகொள்ளாமல் இதில் இறங்குதல் கூடாது.

பெயர் யார் கையில் உள்ளது?

கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் புவிசார் குறியீடு கிடைத்தது. நிலக்கடலை, வெல்லம், தாமிரபரணி நீர் ஆகியவற்றால் செய்யப்படும் இம்மிட்டாயின் பெயரை இனி வேறு ஊரார் தம் சரக்கின்மேல் இட்டு விற்க முடியாது. இங்கே குடியானவர்கள் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். அப்பெயர் மிட்டாய்க்கு உரியது, கடலைக்கு உரியதன்று. கடலை விளைவிப்பவர் மூட்டைக்குப் பொது விலையையே பெறுகிறார். பெயர் எந்தப் படியில் பதிவாகியுள்ளதோ அந்தப் படியிலேயே கூடுதல் லாபம் தங்கும். அண்டை ஜில்லாவான ராமநாதபுரத்தில், முண்டு மிளகாய்க்கு 2023-ஆம் ஆண்டில் கிடைத்த குறியீடு விளைபொருளுக்கே உரியது. குடியானவர் நேரடியாக அதன் பயனைக் கோரலாம்.

1999-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு 2003-ஆம் ஆண்டில் அமலுக்கு வந்த புவிசார் குறியீட்டுச் சட்டத்தின்படி, இவ்வுரிமை தனிப்பட்ட ஒருவருக்கு வழங்கப்படுவதில்லை. உற்பத்தியாளர் சங்கம் முதலிய அமைப்புகளுக்கே வழங்கப்படும். அப்பெயரை இட்டு விற்க விரும்பும் ஒவ்வொருவரும் அதிகாரம் பெற்ற உபயோகிப்பாளராகத் தனியே பதிந்துகொள்ள வேண்டும். பதிவு 10 ஆண்டுகளுக்கே செல்லும். பின்னர்ப் புதுப்பிக்கப்பட வேண்டும். பதிவுப் பத்திரம் கிடைத்தபின் தரத்தைக் கவனிக்காத சங்கத்தாருக்குப் புளிச்சைக் கலப்பின் கதையே மீண்டும் நேரும்.

செய்யத்தக்கவை

1. விதைப்புக்குமுன், அப்பயிரில் செலவைக் குறைத்து லாபம் தேடுவதா, குணத்தை உயர்த்தி விலை தேடுவதா என்று முடிவு செய்தல் வேண்டும். பொது விலைக்குப் போகும் பண்டத்தில் அதிகம் செலவிடுவதும், தனிப்பெயர் பெற்ற பண்டத்தில் தரத்தைக் குறைப்பதும் ஒருங்கே நஷ்டம் தரும்.

2. புஞ்சைவாரியாகச் செலவையும் மகசூலையும் எழுதி, குவிண்டாலுக்கு அடக்கவிலை கண்டறிதல் வேண்டும். சொந்த ஆட்களின் உழைப்பையும் செலவில் சேர்க்க வேண்டும்.

3. ரகங்களைக் களத்திலேயே பிரித்து வைத்தல், ஈரச் சரக்கை மூட்டை கட்டாதிருத்தல், தூசி, கல் நீக்குதல் ஆகியவற்றை ஊர் முழுவதும் ஒரே கட்டுப்பாடாகக் கைக்கொள்ளுதல் வேண்டும்.

4. தனித்தனியே விற்பதைவிட உற்பத்தியாளர் கம்பெனியாகச் சேர்ந்து விற்பது நலம். பத்து உற்பத்தியாளர் சேர்ந்தால் சட்டப்படி அத்தகைய கம்பெனியைப் பதிவு செய்யலாம். மொத்தச் சரக்கு ஒரே கையில் இருந்தால்தான் ஆலைக்காரரோடு பேரம் பேச இயலும்.

5. கிராம அதிகாரிகள் அடங்கலில் பயிரையும் விஸ்தீரணத்தையும் நேரில் பார்த்துச் சரியாகப் பதிதல் வேண்டும். இன்ன ஊரில் இன்ன பயிர் விளைந்தது என்பதற்கு அடங்கலே முதல் சாட்சியாதலால், அது தவறினால் ஊரின் பெயரை நிலைநாட்டுவது கடினமாகும்.

புரட்டாசி விதைப்புக்கு இன்னும் நாள் உள்ளபோதே ஒவ்வோர் ஊரிலும் குடியானவர்கள் கூடி, இவ்வாண்டு எந்தப் பண்டத்தை எந்தத் தரத்தில் ஒன்றாக விற்பது என்று தீர்மானித்துக்கொள்வது நலம். சரக்கு சந்தையேறிய பிறகு கூடிப் பேசுவதால் அவ்வாண்டு விலையில் மாற்றம் ஏதும் ஏற்படாது.