டிவி மினுக்கினால் பேனல் போச்சா?

போன மழைக்காலத்தில் காவாந்தண்டலம் வீட்டு டிவி மினுக்க ஆரம்பிச்சது. 43 இன்ச் எல்இடி டிவி, வாங்கி நாலு வருஷம். வாரண்டி ஒரு வருஷம்தான், அது எப்பவோ முடிஞ்சு போச்சு. முதலில் ஒரு மணி நேரம் ஓடின பிறகு மட்டும் வெளிச்சம் துடிக்கும். பத்து நாளில் போட்ட உடனே துடிக்க ஆரம்பிச்சது. அப்புறம் ஒருநாள் திரை மொத்தமா இருட்டு, சத்தம் மட்டும் வருது. அம்மா ரெண்டு நாள் சீரியலை ரேடியோ மாதிரி கேட்டாங்க.

கம்பெனி சர்வீஸ் ஆள் வந்தார். பின்மூடியைக் கூட கழற்றவில்லை. "பேனல் போயிடுச்சு சார், பதினெட்டாயிரம் ஆகும், புதுசே வாங்கிடுங்க"ன்னு சொல்லிட்டு, வந்து பார்த்ததுக்கான கட்டணத்தை வாங்கிட்டுப் போயிட்டார். அந்த 'பேனல் போயிடுச்சு' என்ற வார்த்தை உண்மையா என்று பார்க்கத்தான் நான் படிக்க ஆரம்பிச்சேன்.

2006-இல் தமிழக அரசு இலவச கலர் டிவி கொடுக்கத் தொடங்கியது ஞாபகம் இருக்கும். அது பழைய பிக்சர் டியூப் டிவி. அதில் படமும் வெளிச்சமும் ஒண்ணுதான். கண்ணாடியின் உள்பக்கம் பூசிய பாஸ்பர் எங்கே ஒளிருதோ அங்கே படம். இப்போதைய எல்இடி டிவி அப்படி இல்லை. முன்னால் இருக்கும் பேனலில் உள்ள திரவப் படிகம் தானாக ஒளி தராது. பின்னாலிருந்து வரும் வெளிச்சத்தை அங்கங்கே விடும், அங்கங்கே மறைக்கும், அவ்வளவுதான். வெளிச்சம் தருவது அதற்குப் பின்னால் தகட்டில் ஒட்டியிருக்கும் எல்இடி ஸ்ட்ரிப்புகள். 'எல்இடி டிவி'ன்னு பெயர் வந்ததே அந்தப் பின்விளக்கால்தான். ஆக, படம் ஒரு பொருள், வெளிச்சம் இன்னொரு பொருள். எது போச்சு என்பதைப் பொறுத்து செலவு ஆயிரமா, பதினெட்டாயிரமா என்று மாறும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு டார்ச் போதும். ராத்திரி அறை விளக்கை அணைச்சிட்டு, டிவியைப் போட்டு, திரை இருட்டா இருக்கும்போது டார்ச்சைத் திரைக்கு ரொம்பப் பக்கத்தில் சாய்வாகப் பிடிச்சுப் பாருங்க. மங்கலாக ஆள் நடமாட்டமோ மெனுவோ தெரிந்தால் பேனல் நல்லாத்தான் இருக்கு, பின்விளக்குதான் போச்சு. எங்க வீட்டில் செய்தி வாசிப்பவர் முகம் சாம்பல் நிறத்தில் தெரிஞ்சது. (ஓஎல்இடி டிவிக்கு இந்தச் சோதனை ஆகாது. அதில் பின்விளக்கே கிடையாது.)

சரி, ஏன் மினுக்கியது? எங்க டிவியில் மூணு ஸ்ட்ரிப், ஒவ்வொன்றிலும் எட்டு எல்இடி. இருபத்திநாலும் ஒரே சங்கிலியாக, தொடர் இணைப்பில். ஒண்ணுக்கு 3 வோல்ட் வச்சாலும் மொத்தம் 72 வோல்ட். பழைய சீரியல் செட் மாதிரி, ஒண்ணு அறுந்தால் எல்லாம் அணையும். எல்இடிக்குள் இருக்கும் மெல்லிய கம்பி சூட்டில் விலகும், ஆறினதும் திரும்ப ஒட்டும். அதுதான் முதல் வாரத்து மினுக்கல். சங்கிலி அறும்போது டிரைவர் சர்க்யூட் வோல்டேஜை ஏத்திப் பார்த்து, அளவு மீறினதும் பாதுகாப்புக்காக நிறுத்திக்கும்.

உத்திரமேரூரில் ஒரு மெக்கானிக் அண்ணன் பிரிச்சுக் காட்டினார். டெஸ்டரை ஒவ்வொரு எல்இடியாக வைத்துப் பார்த்ததில் ஒண்ணு மட்டும் எரியலை, நடுவில் கரும்புள்ளி. "இதை மட்டும் மாத்தினா அடுத்த மாசம் பக்கத்துல இருக்கறது போவும்பா"ன்னார். எல்லாம் ஒரே சூட்டில் வெந்தவைதானே. அதனால் செட்டாக மாத்தினோம். அதே மாடல் ஸ்ட்ரிப் சென்னை ரிச்சி தெருவில் 700 ரூபாய்க்குக் கிடைச்சது, கூலி 600.

இதை நீங்களே செய்யலாமான்னு கேட்டால், டார்ச் சோதனை வரைக்கும் தாராளமா செய்யுங்க. மூடியைக் கழற்றுவது வேற கதை. பவர் போர்டில் இருக்கும் பெரிய கெப்பாசிட்டரில் 320 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கும். பிளக்கைப் பிடுங்கின பிறகும் கொஞ்ச நேரம் இருக்கும். ஸ்ட்ரிப்பை எட்ட பேனல் கண்ணாடியைத் தூக்கியாகணும். அது கொஞ்சம் வளைந்தாலோ ஓரத்து ரிப்பன் கிழிந்தாலோ, அப்போதான் நிஜமாகவே பேனல் போச்சு. அண்ணனும் அவர் பையனும் ரெண்டு பேராகத்தான் தூக்கினாங்க.

எல்லா மினுக்கலும் பின்விளக்கு இல்லை. செட்டாப் பாக்ஸில் மட்டும் துடிச்சு, பென் டிரைவில் சரியாக ஓடினால் எச்டிஎம்ஐ கேபிளைச் சந்தேகப்படுங்க. கம்பெனி லோகோ வந்து வந்து அணைந்தால், பவர் போர்டில் தலை உப்பின கெப்பாசிட்டர் இருக்கான்னு மெக்கானிக்கைப் பார்க்கச் சொல்லுங்க; சில பத்து ரூபாய்ச் சாமான். வெளிச்சம் நிலையாக இருந்து நெட்டுக்குக் கோடு விழுந்தாலோ பாதித் திரை மட்டும் ஆடினாலோ அது பேனல் அல்லது அதன் ரிப்பன் பக்கத்துக் கோளாறு. அங்கே சர்வீஸ் ஆள் சொன்னது உண்மையாக இருக்க வாய்ப்பு அதிகம்.

டிவியோடு டியூப்லைட்டும் ஃபேனும் சேர்ந்து ஆடினால் கோளாறு டிவியில் இல்லை, லைனில். ஊர்ப்பக்கம் பம்புசெட் ஓடும்போது வோல்டேஜ் இறங்குவது சகஜம். பெரும்பாலான டிவி 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும், பின்னால் அச்சிட்டிருக்கும் பாருங்க. ஆபத்து நியூட்ரல் அறும்போதுதான்: ஒரு வீட்டில் விளக்கு மங்கும், அடுத்த வீட்டில் 300 வோல்ட்டைத் தாண்டும். அதனால் குறைவோல்டேஜுக்கு ஸ்டெபிலைசர் வாங்குவதைவிட, வோல்டேஜ் ஏறினால் துண்டிக்கும் கருவி வாங்குவது மேல் என்பது என் கருத்து.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மார்ச் முதல் டிவிகளுக்கு முக்கிய உதிரிபாகங்களைக் குறைந்தது 7 வருஷம் கிடைக்கச் செய்யணும்னு விதி. இந்தியாவில் நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் 'பழுதுபார்க்கும் உரிமை'க்காக ஒரு குழு அமைத்தது, அந்த டிசம்பரில் இணையதளமும் திறந்தது. ஆனால் என் ஸ்ட்ரிப் கிடைச்சது என்னவோ ரிச்சி தெருவில்தான்.

கிளம்பும்போது அண்ணன் ஒண்ணு சொன்னார். கடையிலிருந்து வரும்போதே பேக்லைட் 100-இல் இருக்கும். முழுக் கரண்ட், முழுச் சூடு. மெனுவில் 'பிரைட்னஸ்' என்பது பல டிவிகளில் கருமையின் அளவைத்தான் மாத்தும், 'பேக்லைட்' என்று தனியாக இருப்பதைக் குறைக்கணும். 60-க்கு இறக்கி வச்சிருக்கேன். படம் கொஞ்சம் மங்கலா இருக்குன்னு அம்மா இன்னும் சொல்லிட்டுத்தான் இருக்காங்க.