முதல் கீமோவுக்கு முன்னால்

1979-இல் இங்கிலாந்தில் பதினேழு வயதுப் பையன் ஒருவனுக்கு விரைப் புற்றுநோய். சிகிச்சையைத் தொடங்கும் முன்பே அவனுடைய விந்தணுக்களை எடுத்து உறையவைத்தார்கள். 2002-இல், அவற்றைக் கொண்டே அவனுக்குக் குழந்தை பிறந்தது. மான்செஸ்டர் மருத்துவர்கள் 2004-இல் இதை ஆய்விதழில் பதிவு செய்தார்கள். இதில் என்னை அசைப்பது ஆண்டுக் கணக்கு அல்ல. ஒரே ஒரு விந்தணுவைக் கருமுட்டைக்குள் ஊசியால் செலுத்தும் இக்ஸி முறையில்தான் அந்தக் குழந்தை உருவானது. அந்த முறையில் கிடைத்த முதல் வெற்றியை பிரஸ்ஸல்ஸ் மருத்துவர்கள் அறிவித்ததே 1992-இல்தான். பையனிடம் மாதிரி கேட்ட மருத்துவருக்கு அது பின்னாளில் எப்படிப் பயன்படும் என்று தெரிந்திருக்க வழியில்லை. இருந்தும் கேட்டிருக்கிறார். நம் ஊர் மருத்துவமனைகளில் இன்றும் பல இளைஞர்களிடம் கேட்கப்படாமல் போவது அந்தக் கேள்விதான்.

வேகமாகப் பிரிந்து பெருகும் செல்களைக் கீமோ மருந்துகள் தாக்குகின்றன. ஆணின் உடலில் அப்படி ஓயாமல் பெருகிக்கொண்டிருப்பவற்றில் விந்தணுவை உண்டாக்கும் செல்களும் அடங்கும். ஒரு விந்தணு உருவாகி முடிய ஏறக்குறைய 74 நாட்கள் ஆகும். வளர்ந்துகொண்டிருப்பவை மட்டும் அழிந்தால் சில மாதங்களிலோ ஆண்டுகளிலோ உற்பத்தி திரும்பலாம். அடியில் இருக்கும் மூலச்செல்களும் அழிந்துவிட்டால் திரும்பாது. சைக்ளோஃபாஸ்ஃபமைட், புரோகார்பசின், பியூசல்ஃபான் போன்றவை அந்த அடிவரை போகக்கூடிய மருந்துகள். இடுப்புப் பகுதியில் கொடுக்கும் கதிர்வீச்சும் அப்படித்தான். புற்றுநோய் மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். லூபஸ் நோயால் சிறுநீரகம் பாதிக்கப்பட்டவருக்கும் சைக்ளோஃபாஸ்ஃபமைட் தரப்படுகிறது. தலசீமியாவுக்கு எலும்பு மஜ்ஜை மாற்றும் முன் பியூசல்ஃபான் ஏற்றப்படுவதுண்டு.

இந்தப் பாதிப்பு வெளியே தெரியாது என்பதுதான் கொடுமை. ஆண்மைக்கான ஹார்மோனைச் சுரக்கும் செல்கள் வேறு. அவை சிகிச்சையைப் பெரும்பாலும் தாங்கிவிடுகின்றன. மீசை இருக்கும், ஆசை இருக்கும், தாம்பத்தியமும் இருக்கும். விந்தணு மட்டும் இருக்காது. கல்யாணமாகி இரண்டு மூன்று வருடம் கழித்துத்தான் சந்தேகமே வரும். அப்போதும் மருமகளைத்தான் அரசமரம் சுற்றச் சொல்வோம், அவளைத்தான் ஸ்கேனுக்கு அழைத்துப் போவோம். பத்து வருடத்துக்கு முன் பையனுக்கு ஏறிய மருந்து யார் நினைவிலும் இருக்காது.

அமெரிக்க மருத்துவப் புற்றுநோயியல் சங்கம் 2006-லேயே, சிகிச்சை தொடங்கும் முன் இந்தப் பாதிப்பைப் பற்றி நோயாளியிடம் பேச வேண்டும் என்று வழிகாட்டுதல் வெளியிட்டது. பேசுவதில்தான் சிக்கல். ஒரு வழக்கமான ஆலோசனை அறையை நினைத்துப் பாருங்கள். நடுவில் இருபது வயதுப் பையன். பக்கத்தில் அப்பா, அம்மா, சித்தப்பா, ரிப்போர்ட் ஃபைலைப் பிடித்தபடி அக்கா. அந்தக் கூட்டத்தில் மருத்துவர் எப்படிக் கேட்பார்? கேட்டாலும் பையன் என்ன பதில் சொல்வான்? தலையைக் குனிந்துகொள்வான். "உசுரு பிழைச்சா போதும் டாக்டர், மத்ததெல்லாம் அப்புறம்" என்று அம்மா முடித்துவிடுவார். அவரைக் குறை சொல்ல முடியுமா? மகனை இழந்துவிடுவோமோ என்ற பயத்தில் நிற்பவர் அவர். ஆனால் உயிரா, வாரிசா என்று யாரும் இங்கே தேர்ந்தெடுக்கச் சொல்லவில்லை. பெரும்பாலான நோய்களில் இரண்டு மூன்று நாள் கிடைக்கும், அது போதும். கடுமையான ரத்தப் புற்றுநோய் போல அவசரமான நிலையில்கூட, உடல் இடம் கொடுத்தால், மருந்து ஏறும் நாளன்று காலையில் ஒரு மாதிரியாவது எடுத்து வைக்கலாம்.

மருத்துவர்களிடம் நான் வேண்டுவது ஐந்து நிமிடம். குடும்பத்தாரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுப் பையனிடம் தனியாக, பூசி மெழுகாமல் சொல்லுங்கள். ஆண்மை போய்விடும் என்று பயப்படுகிறவனுக்கு அது வேறு, இது வேறு என்று புரியவையுங்கள்.

செய்முறை எளிது. ரத்தத்தில் எச்.ஐ.வி., மஞ்சள் காமாலைக் கிருமிகளுக்கான சோதனை. தனியறையில் சுய இன்பம் மூலம் மாதிரி. முடிந்தால் ஓரிரு நாள் இடைவெளியில் இன்னொன்று. பிறகு மைனஸ் 196 டிகிரியில் திரவ நைட்ரஜன். காய்ச்சலாலும் நோயாலும் எண்ணிக்கை குறைந்திருந்தாலும் விட்டுவிட வேண்டாம். இக்ஸிக்குச் சில விந்தணுக்களே போதும். மாதிரி தர முடியாதவருக்கு விரையிலிருந்து ஊசி மூலமோ சிறு அறுவை மூலமோ எடுக்க முடியும். எல்லாமே முதல் கீமோவுக்கு முன்னால் நடக்க வேண்டும். மருந்து ஏறிய பிறகு எடுப்பவற்றில் மரபணுச் சேதம் இருக்கலாம்.

வயதுக்கு வராத சிறுவர்கள் விஷயத்தில் கைவசம் உறுதியான வழி இன்னும் இல்லை. அவர்களிடம் விந்தணுவே இருக்காது. விரைத் திசுவில் சிறு துணுக்கை எடுத்து உறையவைப்பது மட்டுமே வழி, அதுவும் ஆய்வு நிலையில்தான் இருக்கிறது. அப்படி வைத்த திசுவிலிருந்து ஒரு குரங்குக்குட்டி பிறந்ததை 2019-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். சிறுவயதில் எடுத்துவைத்த திசுவை, வளர்ந்து ஆளான ஒருவருக்கே திரும்பப் பொருத்தியதாக 2025 தொடக்கத்தில் பிரஸ்ஸல்ஸிலிருந்து செய்தி வந்தது.

சேமித்துவிட்டால் வேலை முடிந்தது என்று இருந்துவிடக் கூடாது. ஆண்டுதோறும் கட்டணம் கட்ட வேண்டும், முகவரி மாறினால் தெரிவிக்க வேண்டும். இன்னொன்று, எழுதக் கை நடுங்கினாலும் எழுதியே ஆக வேண்டியது: ஒருவேளை தான் இல்லாமல் போனால் இதை என்ன செய்யலாம் என்ற ஒப்புதல். டெல்லியில் மணமாகாத முப்பது வயது இளைஞர் ஒருவர் 2020 ஜூனில், கீமோவுக்கு முன் விந்தணுவை உறையவைத்தார். செப்டம்பரில் இறந்துவிட்டார். பெற்றோர் கேட்டபோது, அவர்களிடம் தரச் சட்டத்தில் வழியில்லை என்றது மருத்துவமனை. வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போனது. விந்தணு இறந்தவரின் சொத்தில் சேரும், அவருடைய ஒப்புதல் புலப்பட்டால் இறப்புக்குப் பிந்தைய குழந்தைப்பேற்றுக்கு இந்தியச் சட்டத்தில் தடை இல்லை என்று சொல்லி, பெற்றோரிடம் ஒப்படைக்க நீதிமன்றம் உத்தரவிட்டபோது 2024 அக்டோபர் ஆகியிருந்தது. ஒப்புதல் படிவத்தில் அந்த இடத்தை வெற்றாக விட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். என்ன எழுதுவது என்று தெரியாவிட்டால், அங்கேயே மருத்துவரை உட்காரவைத்துக் கேளுங்கள்.