ஊமத்தம்பூ உணர்த்தும் நீதி

மகா சிவராத்திரி நெருங்கும் நாட்களில் கைப்பேசிகளில் ஒரு படம் உலா வருவதுண்டு. சடைமுடியும் திருநீறுமாக வீற்றிருக்கும் சிவபெருமான் புகைக்குழலைக் கையில் ஏந்தியிருப்பதாக வரையப்பட்ட படம் அது. கல்லூரியில் படிக்கும் பேரன் அதைத் தாத்தாவிடம் காட்டி, "சாமியே புகைக்கிறாரே! பிறகு கஞ்சாவை அரசாங்கம் ஏன் தடுக்கிறது?" என்று கேட்கக்கூடும். சிரித்து மழுப்புவதோ, சினந்து வாயடைப்பதோ இக்கேள்விக்கு விடையாகாது. அவன் வீட்டில் பெறாத விடையைத் தெருமுனையில் வேறொருவன் தந்துவிடுவான்.

பேரனின் கேள்வியில் இரண்டு வினாக்கள் பின்னிக் கிடக்கின்றன. ஒன்று சட்டம் பற்றியது. மற்றொன்று சமயம் பற்றியது. இரண்டையும் பிரித்தறிந்தாலே தெளிவு பிறக்கும்.

இச்செடி பாரத நாட்டுக்குப் புதியதன்று. அதர்வண வேதத்தில் துன்பத்தினின்று விடுவிக்குமாறு வேண்டப்படும் தாவரங்களுள் சோமம், தர்ப்பை, யவம் ஆகியவற்றோடு 'பங்கம்' என்பதும் குறிக்கப்பெறுகிறது. காசியில் சிவராத்திரியன்றும் ஹோலியன்றும் இதன் இலையை அரைத்துப் பாலில் கலந்த பானத்தை அருந்தும் வழக்கம் இன்றும் உள்ளது. அவ்விலையை 'பாங்' என்பர். ஆலகால விடத்தின் வெம்மையைத் தணிக்க இறைவனுக்கு இது அளிக்கப்பெற்றது என்பது வடநாட்டு மக்களின் நம்பிக்கை.

ஆங்கிலேயர் ஆட்சியில், 1893-ஆம் ஆண்டு, இப்பொருள்களைப் பற்றி ஆராய ஓர் ஆணையம் அமைக்கப்பட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாட்சிகளை விசாரித்த அவ்வாணையம், அளவான பயன்பாட்டால் பெருந்தீங்கு இல்லை என்றும், அளவு மீறினால் உடலும் உள்ளமும் கெடும் என்றும் கூறியது. முற்றிலும் தடை செய்யாமல் வரியாலும் உரிமத்தாலும் கட்டுப்படுத்துமாறு பரிந்துரைத்தது.

சுதந்திர இந்தியாவில் 1985-ஆம் ஆண்டில் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அச்சட்டம் செடியின் பூவும் காயும் கொண்ட நுனிப்பகுதியைக் கஞ்சா எனவும், பிசினைச் சரஸ் எனவும் வகுத்துத் தடை செய்கிறது. நுனிப்பகுதி சேராத தனி இலையும் விதையும் கஞ்சா என்னும் வரையறைக்குள் வருவதில்லை. உத்தரப்பிரதேசத்தில் உரிமம் பெற்ற பாங் கடைகள் இயங்குவது இதனால்தான். மற்றபடி தண்டனை கடுமையானது. ஒரு கிலோவுக்குக் குறைவான கஞ்சாவை வைத்திருந்தாலே ஓராண்டு வரை சிறை கிடைக்கலாம். இருபது கிலோவுக்கு மேல் என்றால் பத்து முதல் இருபது ஆண்டுகள் வரை கடுங்காவல். நண்பனுக்காகப் பையைச் சுமந்த மாணவனின் எதிர்காலமும் இதில் சிதையும்.

உலகின் போக்கு வேறாக இருக்கிறதே என்பர் சிலர். உருகுவே 2013-இலும், கனடா 2018-இலும், ஜெர்மனி 2024-இலும் வெவ்வேறு அளவில் அனுமதி அளித்தன. ஆனால் 2022-இல் தடையை நீக்கிய தாய்லாந்து, தெருவெங்கும் கடைகள் முளைத்த பின், 2025-இல் மருத்துவச் சீட்டு இருந்தால் மட்டுமே விற்கலாம் என்று தன் முடிவைத் திருத்திக்கொண்டது. கதவைத் திறப்பது எளிது, மூடுவது அரிது.

வரவையும் செலவையும் நேர்மையாக எழுதிப் பார்த்தால் இரு பக்கமும் பதிவுகள் உண்டு. இச்செடியிலிருந்து எடுக்கப்படும் ஒரு மருந்து, குழந்தைகளுக்கு வரும் கடுமையான சிலவகை வலிப்பு நோய்களுக்குப் பயன்படுகிறது. இதன் நார் துணிக்கும் கயிற்றுக்கும் உதவுகிறது. போதை குறைந்த வகையைப் பயிரிட உத்தராகண்ட் 2018-இல் உரிமம் வழங்கியது. இவை வரவு. இளமையில் தொடர்ந்து புகைப்போரின் நினைவாற்றலும் கவனமும் குன்றுவதும், சிலருக்கு மனச்சிதைவு தோன்றும் அபாயம் மிகுவதும் செலவு. மருந்துக்கும் நாருக்கும் வழிவிடுவதில் நியாயம் உண்டு. கேளிக்கைக்காகக் கடை திறப்பதில் அந்த நியாயம் இல்லை. இது சட்டத்தின் வினாவுக்கு விடை.

இனிச் சமயத்தின் வினா. சிவபெருமானின் சடையில் கொன்றையும் தும்பையும் மட்டுமா உள்ளன? ஊமத்தம்பூவும் உண்டு. மத்தம் என்று தேவாரம் பலகாலும் போற்றும் மலர் அது. அதன் காயும் விதையும் கொடிய நஞ்சு. திருக்கோயிலில் ஊமத்தம்பூவைச் சார்த்தி வணங்கும் அன்பர்கள் எவரேனும் அதன் காயை வீட்டுக்கு எடுத்துச் சென்று உண்பதுண்டா? இல்லை. ஆலகாலத்தை உண்டவன் என்று நீலகண்டனைப் பாடுவோர் எவரும் நஞ்சைத் தேடிப் பருகுவதில்லை. பாம்பை அணிந்தவன் என்பதற்காகப் புற்றில் கைவிடுவதும் இல்லை. உலகம் ஒதுக்கிய கொடியவற்றை எல்லாம் இறைவன் தான் ஏற்றுக்கொண்டது உயிர்களை அவற்றினின்று காப்பதற்காகவே. அவன் ஏற்றதைக் காட்டி நாமும் ஏற்பது, அவன் அருளையே தலைகீழாக்குவதாகும்.

சிவராத்திரியின் விரதமே இதற்குச் சான்று. அன்று செய்ய வேண்டியவை இரண்டு: உண்ணாதிருத்தல், உறங்காதிருத்தல். நான்கு காலப் பூசையிலும் விழித்திருந்து அவனை நினைப்பதே அவ்விரவின் பயன். அறிவை மயக்கும் பொருள் விழிப்புக்குப் பகை. திருமூலர் தமது திருமந்திரத்தின் முதல் தந்திரத்திலேயே கள்ளுண்ணாமையைத் தனியே வைத்துப் பேசுகிறார். சிவானந்தத்தைச் சுவைத்தவருக்கு வேறு மயக்கம் வேண்டாம் என்பது அவர் காட்டும் நெறி. காசியில் பாங் அருந்துவோரை இகழ வேண்டியதில்லை. அது அவர்கள் மரபு. ஆனால் அம்மரபைத் தெருமுனைப் பொட்டலத்துக்கு முத்திரையாக்குவது முறையன்று.

ஒருவேளை பேரன் ஏற்கெனவே அவ்வழியில் கால் வைத்திருந்தால்? ஊராருக்கு அஞ்சி மறைப்பதே பல குடும்பங்களில் நோயை முற்றச் செய்கிறது. போதைக்கு அடிமையாகிச் சிறிய அளவுடன் பிடிபட்டவர், தாமே விரும்பி அரசு மருத்துவமனையிலோ அரசு ஏற்ற மையத்திலோ சிகிச்சை பெற முன்வந்தால், வழக்கிலிருந்து விலக்குப் பெற 64ஏ பிரிவு வழிசெய்கிறது. சிகிச்சையை முழுமையாக முடிக்க வேண்டும் என்பது நிபந்தனை. மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண் 14446. சட்டமே திருந்துவோருக்கு ஒரு வாயிலைத் திறந்து வைத்திருக்கும்போது வீடு தன் வாயிலை அடைக்கலாகாது.

அடுத்த பிரதோஷத்துக்குப் பேரனையும் உடன் அழைத்துச் செல்லலாம். சந்நிதியில் ஊமத்தம்பூ சார்த்தியிருந்தால் அதைக் காட்டி, "நஞ்சுள்ளதையும் இவரிடம் ஒப்படைத்துவிட்டோமப்பா, திரும்ப வாங்கிக்கொள்வதில்லை" என்று சொல்லலாம். அவன் கேட்ட கேள்விக்கு அதுவே போதுமான விடை.