நீர்வழி நடை – 11: சிப்பி மேடும் சிச்சென் இட்சாவும்

போன வாரம் அந்தமானின் ஹேவ்லாக்கில் நிறுத்தியிருந்தேன். அங்கிருந்து ரங்கத் போகும் அரசுக் கப்பல், லாங் ஐலண்டைத் தொடுவதற்கு முன்னால் சில நாட்களில் இன்னொரு தீவிலும் நிற்கும். அதன் பெயர் ஸ்ட்ரெய்ட் தீவு. அந்தத் தீவுக்காரர்களும் அங்கே பணியில் இருக்கும் அரசு ஊழியர்களும் இறங்கலாம். சுற்றுலாப் பயணிகள் கப்பலின் மேல்தளத்தில் நின்று தென்னை மரங்களையும் வெள்ளை மணலையும் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். ‘இங்கே இறங்க முடியாதா?’ என்று யாராவது ஒருவர் கேட்பார். முடியாது. 1956ஆம் ஆண்டின் பழங்குடிப் பாதுகாப்பு ஒழுங்குமுறைச் சட்டம் அப்படி. அந்தச் சட்டம் யாருக்காக இருக்கிறது என்பதைச் சொல்ல, மெக்ஸிகோ வரை ஒரு நடை போய்வர வேண்டும்.

ஹூஸ்டனில் இருக்கும் என் அண்ணன் மகள் சென்ற ஆண்டு குடும்பத்தோடு கான்கூன் போயிருந்தாள். அங்கிருந்து சிச்சென் இட்சாவுக்குத் தனிக் காரும் தனி வழிகாட்டியும் வைத்துக்கொண்டு ஒரு நாள் பயணம். சுமார் இருநூறு கிலோமீட்டர். விடிவதற்கு முன் கிளம்பி, கதவு திறக்கும் நேரத்துக்கே போய் நின்றுவிட்டார்கள். பேருந்துக் கூட்டம் வந்து சேர்வதற்குள், வெயில் ஏறுவதற்குள், குகுல்கான் பிரமிடை நிதானமாகச் சுற்றிப் பார்க்க முடிந்தது. நான்கு பக்கமும் பக்கத்துக்கு 91 படி, உச்சி மேடையையும் ஒன்றாகச் சேர்த்தால் 365. ஆண்டின் நாட்களைக் கல்லில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். படிக்கட்டுக்கு எதிரே நின்று கையைத் தட்டினால், எதிரொலி ஒரு பறவை கூவுவதுபோல் திரும்பி வருமாம். படியேற இப்போது அனுமதியில்லை. தனி வழிகாட்டிக்குக் கொடுத்த காசு எதற்காக என்றால், இப்படி அவசரமில்லாமல் நிற்பதற்கும், மனதில் தோன்றுவதை எல்லாம் கேட்பதற்கும்தான்.

அவள் என்னிடம் தொலைபேசியில் அதிகம் பேசியது பிரமிடைப் பற்றி அல்ல, அந்த வழிகாட்டியைப் பற்றி. “மாயா ஜனங்க எல்லாம் எப்படி அழிஞ்சுபோனாங்கன்னு பையன் கேட்டான் சித்தப்பா. அவர் கோவிச்சுக்கலை. நாங்க அழியலையே, எங்க அம்மாவோட நான் பேசறது மாயா பாஷைதான்னு சொன்னார்.” திரும்பி வரும் வழியில் அவர் வீட்டுக்குப் பேசியதைக் காரில் எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். ஸ்பானிஷ் இல்லை, யுகாடெக் மாயா.

மாயா நாகரிகம் ‘மர்மமாக மறைந்தது’ என்று நம் பத்திரிகைகளும் எத்தனையோ முறை எழுதியாயிற்று. தெற்குத் தாழ்நிலத்துப் பெருநகரங்கள் 9ஆம் நூற்றாண்டை ஒட்டி ஒவ்வொன்றாக வெறிச்சோடியது உண்மை. மக்கள் மறையவில்லை. இன்றும் மெக்ஸிகோ, குவாத்தமாலா, பெலிஸ் நாடுகளில் அறுபது லட்சத்துக்கும் மேற்பட்ட மாயா மக்கள் வாழ்கிறார்கள், முப்பது மொழிகள் வரை பேசுகிறார்கள். 1992இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்ற ரிகோபெர்ட்டா மென்சூ ஒரு மாயா பெண். மறைந்தவை அவர்களுடைய நூல்கள். 1562இல் மானி என்ற ஊரில் தியேகோ தெ லாண்டா என்ற பாதிரியார் அவற்றை நெருப்பில் போட்டார். உலகம் முழுவதும் இன்று எஞ்சியிருக்கும் பழைய மாயா சுவடிகள் நான்கே நான்கு. சாம்பலாக்கியவரின் பெயர் நமக்குத் தெரியும்போது அதை மர்மம் என்று எப்படிச் சொல்வது?

பேச்சு முடியும்போது அவள் கேட்டாள்: “நீங்க சுத்தற தீவுல இப்படிப் பழைய இடம் ஏதாவது இருக்கா?”

இருக்கிறது. சுற்றுலா அட்டையில் ராஸ் தீவைத்தான் போடுவார்கள். ஆலம்விழுதுகள் கவ்விப் பிடித்த தேவாலயச் சுவரும் ரொட்டிக் கூடமும் படத்துக்கு நன்றாக இருக்கும். ஆனால் அது 1858க்குப் பிறகு வந்த ஆங்கிலேயரின் மிச்சம். அந்தமானின் உண்மையான பழமை கல்லால் கட்டியதல்ல, சாப்பிட்டுப் போட்டது.

தெற்கு அந்தமானில், இப்போது ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறியிருக்கும் போர்ட் பிளேரிலிருந்து ஒரு வாடகைக் காரில் போய்வரும் தூரத்தில் சௌல்தாரி இருக்கிறது. அங்கே ஆய்வாளர்கள் தோண்டிப் பார்த்தது ஒரு சிப்பி மேடு. அலையாத்திக் காட்டை ஒட்டி, ஓடை கடலுக்குப் போகும் வழியில், மரமும் கொடியும் மூடிக் கிடக்கும் திட்டு என்றுதான் இப்படிப்பட்ட மேடுகள் முதலில் கண்ணுக்குப் படும். பக்கவாட்டில் வெட்டுப்பட்ட இடத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் விஷயம் தெரியும். மண்ணைவிடச் சிப்பி அதிகம். மட்டி, சங்கு, சேற்று நத்தை. உடைத்துச் சதையை எடுத்த பிறகு வீசிய ஓடுகள் ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்திருக்கும். நடுவே கருப்பாக ஓடும் மெல்லிய கோடு, அடுப்புச் சாம்பல். அதற்குள் மீன் முள், காட்டுப் பன்றியின் தாடை, விரல் நீளப் பானை ஓடு. சக்கரம் இல்லாமல் கையால் வனைந்த பானை. ஓட்டைத் திருப்பிப் பார்த்தால் ஈரமண்ணில் கீறிய கோடுகள் இன்னும் இருக்கும்.

கடலோரத்தில் குடும்பங்கள் கூடித் தங்கி, கிடைத்ததைச் சுட்டும் அவித்தும் தின்று, ஓட்டைப் பக்கத்திலேயே போட்டு, பருவம் மாறியதும் வேறிடம் போய், மறுபடி அதே இடத்துக்கு வந்திருக்கிறார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகளும் வந்திருக்கிறார்கள். தலைமுறை தலைமுறையாக உண்டதுதான் அங்கே மேடாக நிற்கிறது. அரசன் இல்லை, கல்வெட்டு இல்லை, கூலிக்கு ஆள் பிடித்துக் கட்டவில்லை. எனக்கு இது பிரமிடுக்குக் குறைந்ததாகப் படவில்லை.

இந்த மேடுகளைப் பற்றி 1870லேயே எழுதியவர் ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா, இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் இருந்தவர். சுதந்திரத்துக்குப் பிறகு, 1950களின் தொடக்கத்தில், இத்தாலிய மானுடவியலாளர் லிடியோ சிப்ரியானி சில மேடுகளைத் தோண்டினார். அடியடுக்குகளில் பானை ஓடும் பன்றி எலும்பும் இல்லை, மேலடுக்குகளில்தான் வருகின்றன என்று எழுதினார். அப்படியானால் பானையும் பன்றியும் பின்னால் வந்து சேர்ந்தவை. பிறகு தொல்லியலாளர் ஸரீன் கூப்பர் தீவு தீவாக நடந்து மேடுகளைத் தேடிக் குறித்தார். சௌல்தாரி மேட்டில் கிடைத்த கரியைக் காலக்கணிப்பு செய்ததில் ஏறத்தாழ 2,200 ஆண்டுகள் என்று வந்தது. நம் சங்க காலத்தை ஒட்டிய கணக்கு. குகுல்கான் பிரமிடு அதற்கு ஆயிரம் ஆண்டுக்கும் மேல் இளையது.

மேடு அவ்வளவு பழமை என்றால் மக்கள் அதைவிடப் பழமை. ஹைதராபாத் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தின் விஞ்ஞானி குமாரசாமி தங்கராஜும் குழுவினரும் 2005இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வு, அந்தமான் பழங்குடிகளின் மரபணுத் தடம் பல பத்தாயிரம் ஆண்டுகள் தனித்து வந்திருப்பதைக் காட்டியது.

இங்கேதான் ஸ்ட்ரெய்ட் தீவு வருகிறது. சிப்பி மேடுகளைக் குவித்தவர்களின் வழிவந்தோரில் ‘பெரிய அந்தமானியர்’ என்று சேர்த்து அழைக்கப்படும் பத்துக் குழுக்கள் முக்கியமானவர்கள். ஆங்கிலேயர் கைதிக் குடியேற்றம் வைத்த 1858இல் ஆயிரக்கணக்கில் இருந்தவர்கள். அடுத்த ஆண்டே அம்பும் வில்லுமாகப் போர்ட் பிளேரின் அபர்டீனில் மோதினார்கள், தோற்றார்கள். பிறகு ஆங்கிலேயர் ‘அந்தமான் இல்லம்’ என்று கட்டி அவர்களைப் பிடித்து வைத்தார்கள். மேகநோய் பரவியது. 1877இல் தட்டம்மை வந்து கொத்துக் கொத்தாகக் கொண்டுபோனது. 1901 கணக்கெடுப்பில் 625 பேர். 1961இல் 19 பேர். மிஞ்சியவர்களை 1970ஐ ஒட்டி அரசு ஸ்ட்ரெய்ட் தீவில் குடியமர்த்தியது. இன்று ஐம்பது அறுபது பேர் இருக்கிறார்கள்.

அவர்களில் ஒருவராக இருந்தவர் போவா சீனியர். ‘போ’ மொழியைப் பேசத் தெரிந்த கடைசி மனுஷி. 2004 சுனாமியைத் தாண்டி வந்தவர். பேச ஆள் இல்லாமல் பறவைகளோடு தன் மொழியில் பேசிக்கொண்டிருந்தார் என்று, அவரிடம் மொழி கற்றுப் பதிவு செய்த மொழியியலாளர் அன்விதா அப்பி சொல்லியிருக்கிறார். 2010 ஜனவரி 26 அன்று போவா இறந்தார். நாடு குடியரசு தினம் கொண்டாடிக்கொண்டிருந்த நாள். அப்பி தொகுத்த பெரிய அந்தமானிய மொழி அகராதி இரண்டு ஆண்டு கழித்து வெளிவந்தது.

லாங் ஐலண்டில் இறங்கியபோது இதெல்லாம் மனதில் இருந்தது. கார் ஓடாத ஊர். ஜெட்டியிலிருந்து கடைத்தெருவுக்கு நடைபாதை, கடைத்தெருவிலிருந்து காட்டுக்குள் ஒரு பாதை, அது லாலாஜி பே கடற்கரைக்குப் போகிறது. வனத்துறையின் மர வேலைக்காக வளர்ந்த ஊர் இது. படாக், கர்ஜன் மரங்களை யானை இழுத்துவர, கப்பலில் ஏற்றிய காலம் ஒன்று இருந்தது, பிளைவுட் ஆலையும் ஓடியது. 2002 மே 7ஆம் தேதி உச்ச நீதிமன்றம் இயற்கைக் காட்டில் வணிகத்துக்காக மரம் வெட்டுவதை நிறுத்தச் சொன்னது. அப்பா காலத்தில் மரம் ஏற்றியவர்களின் பிள்ளைகள் இப்போது மீன் பிடிக்கிறார்கள், பயணிகளுக்கு டுங்கி என்ற சிறு படகு ஓட்டுகிறார்கள்.

எனக்கு டுங்கி ஓட்டியவரும் அப்படித்தான். வீட்டில் தமிழ், கடைத்தெருவில் வங்காளமும் ஹிந்தியும். தாத்தா ராமநாதபுரத்துக்காரர். நார்த் பாசேஜ் தீவின் மெர்க் பேக்குக் காலையில் போய் மாலையில் திரும்புவதாகப் பேச்சு. எஞ்சின் சத்தத்துக்கு மேல் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. பவளப் பாறை எங்கே மேலே வருகிறது, நீரின் நிறம் எங்கே மாறினால் திருப்ப வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே வந்தார். தெற்கே கைகாட்டி, “அந்தப் பக்கம்தாண்ணே ஸ்ட்ரெய்ட்டு” என்றார்.

பணம் கூடத் தருகிறோம், பக்கத்தில் ஒரு சுற்று சுற்றிக் காட்டு என்று கேட்பவர்கள் உண்டா என்றேன்.

“சீசனுக்கு நாலு பேராவது கேப்பாங்க. போட்டோ மட்டும் எடுத்துக்கறோம்னு சொல்வாங்க. நான் முடியாதுன்னுடுவேன். போலீஸு, கேஸு அதெல்லாம் அப்புறம்ணே. அவங்க ஆஸ்பத்திரிக்கு வர்றப்ப ரங்கத்ல பாத்திருக்கேன். என்கூடப் படிச்ச பையன்கூட ஒருத்தன் அங்க இருக்கான். அவன் வீட்டு முன்னாடி போட்டை நிறுத்திக் காசு வாங்கச் சொல்றீங்களா?”

நல்ல வழிகாட்டி என்பவர் யார் என்று கேட்டால், நான் இவரைத்தான் சொல்வேன். காட்டக் கூடாததைக் காட்ட மறுப்பதும் அந்தத் தொழிலில் சேர்ந்ததுதான். 2012 ஜனவரியில் ஜாரவா பழங்குடிப் பெண்களைச் சோற்றுக்கு ஆட வைக்கும் காணொளி லண்டன் பத்திரிகை வழியாக உலகம் முழுவதும் பரவியது நினைவிருக்கும். அந்தமான் பெருஞ்சாலையில் வாகன வரிசையாகப் போய் அவர்களைப் பார்க்கும் பழக்கம் அதோடு ஒழிந்ததாகச் சொல்ல மாட்டேன். லாங் ஐலண்டுக்கு வருகிறவர்களுக்கு என் வேண்டுகோள்: கடல் வழி இருக்கிறது, அரசுக் கப்பல் ஓடுகிறது, அதில் வாருங்கள். ஜாரவா காட்டைப் பிளந்து போகும் சாலை வேண்டாம்.

சிப்பி மேடுகளுக்கு இன்னும் கொஞ்சம் அக்கறை வேண்டும். மெக்ஸிகோவில் ஒரு படிக்கட்டைக் காக்க ஏறுவதையே நிறுத்திவிட்டார்கள். இங்கே பழைய மேடுகள் சாதாரண மண் திட்டாகப் பார்க்கப்படுகின்றன. வீட்டுக்கும் சாலைக்கும் மண் வெட்டும் ஊரில், பெயர்ப்பலகையும் வேலியும் இல்லாத மேடு எத்தனை நாள் நிற்கும்? பலகை வைப்பதானால் அதில் பெரிய அந்தமானிய மொழிப் பெயர் முதலில் இருக்கட்டும். விளக்கத்தைத் தீர்மானிக்க ஸ்ட்ரெய்ட் தீவிலிருந்து வந்து படித்த இளைஞர்களைக் கூப்பிடலாம், அதற்குச் சம்பளமும் கொடுக்கலாம். மூதாதையர் சமைத்த இடத்தைப் பற்றிச் சொல்ல அவர்களைவிட உரிமையுள்ளவர்கள் யாருமில்லை.

போகிறவர்கள் மேட்டின்மேல் ஏற வேண்டாம், ஒரு ஓட்டைக்கூட எடுத்து வர வேண்டாம். அடுக்கு குலைந்தால் எது முன்னால் எது பின்னால் என்பது யாருக்கும் தெரியாமல் போய்விடும். போகும் முன் போர்ட் பிளேரில் மானுடவியல் அருங்காட்சியகத்தைப் பார்த்துவிடுங்கள். பானையையும் வில்லையும் முழுசாகப் பார்த்த கண்ணுக்குத்தான் உடைந்த ஓடு பேசும்.

அண்ணன் மகளுக்கு இதையெல்லாம் எழுதி அனுப்பினேன். அடுத்த விடுமுறைக்குப் பிள்ளைகளோடு வருகிறாளாம். டுங்கிக்காரரிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன், ஜனவரியில் கடல் அமைதியாக இருக்கும்.

அடுத்த வாரம் ரங்கத் வழியாக வடக்கே மாயாபந்தர். 1925இல் பர்மாவிலிருந்து வந்திறங்கிய கரேன் மக்களின் வெபி கிராமம்.

(தொடரும்)