களை கொன்ற வாயு

பூங்கொத்தைக் கையில் ஏந்துவோர் அது விளைந்த மண்ணைப் பற்றி எண்ணுவதில்லை. வேதியியல் மாணவியாகிய நானும் எண்ணியதில்லை. மெத்தில் புரோமைடு எனக்குத் தேர்வுக்குரிய ஒரு வாய்பாடாகவே இருந்தது. அதற்கும் மலருக்கும் உள்ள தொடர்பைப் பின்னரே அறிந்தேன்.

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் கொய்மலர் வளர்ப்பு பெருந்தொழிலாகும். அங்கே களை கடும்பகை. பலவகை மலர்களை அடுத்தடுத்துப் பயிரிடுவதால், ஒன்றுக்குத் தீங்கு செய்யாத களைக்கொல்லி மற்றொன்றைக் கருக்கிவிடும். கையால் களையெடுக்கவோ கூலி மிகுதி. ஆகவே, நடவுக்கு முன்பே மண்ணுக்குள் நச்சு வாயுவைச் செலுத்தும் முறையைக் கைக்கொண்டனர்.

முதலில் மண்ணை உழுது, சில நாட்கள் அளவான ஈரத்தில் வைப்பார்கள். ஏன் தெரியுமா? உலர்ந்த விதை நஞ்சைத் தாங்கும். நீரை உறிஞ்சி உயிர்ப்புற்ற விதை மடியும். பின்னர் வாயுவைச் செலுத்தி, பிளாஸ்டிக் விரிப்பால் மூடுவார்கள். மெத்தில் புரோமைடு சுமார் 4 டிகிரி செல்சியஸிலேயே கொதித்து வாயுவாவதால் மண்ணின் இடுக்குகளில் எளிதாகப் பரவும். கோரைக்கிழங்கும் அதற்குத் தப்புவது அரிது. ஆனால் அது மனிதரையும் கொல்லும். மணத்தால் அறியவும் இயலாது. எனவே கண்ணெரிச்சல் தரும் குளோரோபிக்ரினை எச்சரிக்கைக்காகச் சிறிது கலந்தனர்.

இத்தனை காவலையும் கடந்து வாயு வானேறியது. அதிலுள்ள புரோமின், ஓசோன் படலத்தைச் சிதைப்பதில் குளோரினைவிடப் பன்மடங்கு வலியது. எனவே 1987-இல் உருவான மான்ட்ரியல் உடன்பாட்டின் பட்டியலில் 1992-இல் இதுவும் சேர்ந்தது. சில பயன்களுக்கு மட்டும் விலக்களித்து, வளர்ந்த நாடுகள் 2005-க்குள்ளும் வளரும் நாடுகள் 2015-க்குள்ளும் இதைக் கைவிட வேண்டுமெனப் பின்னர் முடிவாயிற்று.

இதற்கு மாற்று என்ன? மெத்தாம் சோடியம் ஈரமண்ணில் மெத்தில் ஐசோதயோசயனேட்டாக மாறிக் களையைக் கொல்லும். ஆயினும் அவ்வளவு தொலைவு பரவாது. நீராவி நஞ்சற்றது, எரிபொருள் செலவோ அதிகம். தெளிந்த பிளாஸ்டிக் விரிப்பின்கீழ் மண்ணை வெயிலில் வேகவைக்கும் முறையை இஸ்ரேலிய ஆய்வாளர்கள் 1976-இல் வெளியிட்டனர். அதற்குக் கடும் வெயிலும் பல வாரப் பொறுமையும் தேவை. பனிமூட்டம் சூழும் கலிபோர்னியக் கடற்கரையில் அது முழுப்பயன் தராது.

எல்லாக் களைக்கும் ஒரே மருந்து என்னும் காலம் முடிந்தது. இனி உழவர் தம் மண்ணையும் அதிலுள்ள களையையும் அறிந்தே வழி தேர வேண்டும். அந்த வாய்பாட்டை எழுதும்போதெல்லாம், அதன் கடைசி அணு எங்கே போய்ச் சேரும் என்பதையும் நான் எண்ணிப் பார்க்கிறேன்.